வயிற்றுக்குள் ஒரு பின்னல்

8 செப்டம்பர் 1997, திங்கள்

புவியியல் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி எழுதுகிறேன். முன்பக்கம் பருவக்காற்றுகள், பின்பக்கம் நான். அப்பா கணக்கு நோட்டை மட்டும்தான் வாங்கிப் பார்ப்பார். சித்தி கேட்காமல் எதையும் தொட மாட்டாள். அதனால் இது பத்திரம்.

இன்றும் வலித்தது. தொப்புளுக்கு மேலே, கல்லை விழுங்கியது மாதிரி. காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. சித்தி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பொடி காரமா இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். அவள் அப்பாவைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும், நான் சாப்பிடாவிட்டால் தன் சமையலில்தான் குறை என்று நினைக்கிறாள்.

அப்பாவிடம் வலியைச் சொல்ல முடியாது. வயிற்று வலி என்ற பேச்சையே எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நாலு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு அதுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றி, மூன்றாம் நாள் விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. என்னவென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. "என்னமோ உள்ள வெடிச்சிட்டாம்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான் முடி தின்கிறேன். என் முடியை. அம்மா போன பிறகு, தூக்கம் வராத நாட்களில் பின்னல் நுனியை வாயில் வைத்துச் சப்புவேன். அதில் ஆரம்பித்தது. இப்போது இடது காதுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறேன். கை தானாகப் போகிறது. விழுங்கினால்தான் அடங்குகிறது. பள்ளிக்கூடத்து ரிப்பனின் நுனியைக்கூட விடுவதில்லை. பச்சை நூல் பல்லில் மாட்டும், அதையும் விழுங்கிவிடுவேன்.

எழுதியதைத் திரும்பப் படிக்க முடியவில்லை.

10 செப்டம்பர், புதன்

இன்று தொடவே இல்லை.

பொய். கணக்குப் பீரியடில் இரண்டு. பஸ்ஸில் ஒன்று.

14 செப்டம்பர், ஞாயிறு

சித்தி எண்ணெய் தேய்த்துவிட்டாள். இடது காதுப் பக்கம் வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

"ஏளா சுகி, இங்கன முடியெல்லாம் அரையும் குறையுமா நிக்குதே?"

"உதிருது."

"உதிருதுன்னா தலையணைல கெடக்கணும்லா? தெனமும் நான்தான் படுக்கைய உதறுதேன். ஒண்ணுகூட கெடக்காது. போற முடி எங்கதான் போவுது?"

நான் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. சீப்பில் இருந்ததைச் சுருட்டி வெளியே எறிந்தாள். கண்டுபிடித்துவிட்டாளா? கண்டுபிடித்தால் அப்பாவிடம் சொல்வாளா?

ரதவீதி முக்கில் ஒருத்தி இருக்கிறாள். சுவரில் ஒட்டிய போஸ்டரைக் கிழித்து, பசையோடு தின்பாள். பெயர் யாருக்கும் தெரியாது. பைத்தியம் என்பதால் கோட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பையன்கள், "கோட்டி, சினிமா நல்லா இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் ஒருநாள் சிரித்திருக்கிறேன்.

போஸ்டர் தின்பவளுக்கு அந்தப் பெயர் என்றால் முடி தின்பவளுக்கு?

19 செப்டம்பர், வெள்ளி

காலாண்டுப் பரீட்சை. அறிவியல். பாதியில் வாந்தி வந்துவிட்டது. வெறும் பச்சைத் தண்ணீர். டீச்சர் அப்பா ஆபீசுக்குப் போன் பண்ணிவிட்டார்கள்.

அப்பா கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசிலிருந்து சைக்கிளில் வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும், "எங்க வலிக்கி?" என்று கேட்டார். நான் காட்டிய இடத்தைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, காட்டியிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

டாக்டர் செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

முத்துராணி என் பக்கத்து பெஞ்ச். சாயங்காலம் நோட்டுக் கொடுக்க வந்தாள். "எங்க மாமாவுக்கு மண்டைல எடுத்தாங்கட்டி. உள்ள இருக்கது அம்புட்டும் தெரியுமாம். என்ன நெனைக்கோம்னுகூட தெரியுமாம்."

"போட்டி, பொய் சொல்லாத."

"சத்தியமா. நேத்து என்ன சாப்பிட்டன்னு கேக்கவே வேண்டாமாம். பாத்தே சொல்லிருவாங்களாம்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நாலு வருஷமாகத் தின்றதும் தெரியுமா?

23 செப்டம்பர், செவ்வாய்

தெரியவில்லை.

வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கட்டையை வைத்து உருட்டினார்கள். டி.வி. மாதிரி ஒன்றில் மழை பெய்வதுபோல் இருந்தது. அந்த டாக்டரம்மா மேல்வயிற்றில் நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தார்கள். "ஒரே வாயுவா இருக்கு. அதுக்குப் பின்னால ஒண்ணும் பிடிபடல. வலி நிக்கலன்னா சி.டி. ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க" என்றார்கள்.

வாயு. வெறும் வாயு. ஆட்டோவில் வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவும் பாலத்துப் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தபடி, "வாயுதான். வாயுதான்" என்று இரண்டு தடவை சொன்னார்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மூன்று முடி.

5 அக்டோபர், ஞாயிறு

தச்சநல்லூரிலிருந்து சொர்ணாம்பாள் அத்தை வந்திருக்கிறாள். அப்பாவின் அக்கா. அம்மா இறந்த பிறகு இரண்டு வருஷம் எங்களோடு இருந்து எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். அத்தை வருகிறாள் என்று சித்தி சொதி வைத்திருந்தாள். முதல் தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கும்போது தெருவெல்லாம் வாசனை. அத்தை நன்றாகத்தான் சாப்பிட்டாள். நான் நாலு வாய் வைத்ததும் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

அத்தை என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேல்வயிற்றை அழுத்தினாள். கெட்டியாக ஒன்று அவள் கைக்குப் பட்டிருக்க வேண்டும். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

சித்தி குளத்தடிக் கடைக்குப் போனதும் அப்பாவிடம் பேசினாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன்.

"எலே சம்பந்தம், இது வாயு இல்ல. பிள்ளைக்கு மருந்து வச்சிருக்கு."

"என்னக்கா சொல்லுத?"

"சோத்துல கலந்து கொடுத்திருக்கு. தலைமுடியச் சுட்டு, அதோட இன்னும் என்னெல்லாமோ சேத்து. வயித்துல ஒட்டிக்கிடும். பிள்ளை நூலா எளைச்சிரும். நான் கண்டதில்லையா?"

"அவ அப்படிப்பட்டவ இல்ல."

"நான் யார் பேரையும் சொல்லல. நீதான் சொல்லுத."

அப்பா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பெரிய ஸ்கேன எடுத்துருவோம்க்கா" என்றார்.

"ஆஸ்பத்திரிய நம்பித்தான ஒருத்தியக் கொடுத்தோம். மொதல்ல வயித்துல ஒட்டினத உறிஞ்சி தொக்கம் எடுப்போம். கங்கைகொண்டான் பக்கத்துல பிச்சைக்கண்ணுன்னு ஒருத்தர் இருக்காரு. அரைமணி நேரத்துல எடுத்துக் கையில கொடுத்துருவாரு."

தலைமுடி என்று அத்தை சொன்னதும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். எப்படித் தெரியும்? ஒன்றுமே தெரியாமல் எப்படி அதைச் சொன்னாள்?

7 அக்டோபர், செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். மறந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

அத்தை, அப்பா, நான் மூன்று பேரும் போனோம். சித்தியிடம் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். கங்கைகொண்டானில் பஸ் விட்டு இறங்கி, உடைமரங்களுக்கு நடுவே ஒரு மைல் நடை. ஓட்டு வீடு. பிச்சைக்கண்ணு வயசானவர் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தபால்காரர் மாதிரி இருந்தார். வெறும் வயிற்றில் ஏதோ இலைச் சாறு குடிக்கச் சொன்னார். பாயில் படுக்கவைத்து, மூங்கில் குழாயை வயிற்றில் அழுத்தி, மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சினார். மூன்றாவது தடவை கன்னத்தை உப்பிக்கொண்டு எழுந்து, பித்தளைக் கும்பாவில் இருந்த தண்ணீரில் துப்பினார்.

சுண்டைக்காய் அளவு உருண்டை. குச்சியால் பிரித்தார். மாவும் முடியும்.

அத்தை, "முருகா" என்று வாயைப் பொத்தினாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அது என் முடி இல்லை. செம்பட்டையாக, முரடாக, ஒரு விரற்கடை நீளம்கூட இல்லை. ஆட்டு முடி மாதிரி. என்னுடையது கறுப்பு, நீளம். வாயில் வைத்துத்தான் கொண்டுவந்தார் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வேன்? அது என் முடி இல்லை என்றால், உன் முடி எங்கே என்று கேட்பார்களே.

"முழுசா வரல தாயி. வேர் உள்ளதான் இருக்கு. கொடுத்த கையால இனிமே ஒரு வாய் தண்ணிகூட குடிக்கப்பிடாது."

கொடுத்தது யார் என்று அப்பா கேட்டார். அவர் பெயர் சொல்லவில்லை. "வீட்டுல அடுப்புப் பக்கம் நிக்கது யாருன்னு உங்களுக்குத் தெரியாதாய்யா?" என்று மட்டும் சொன்னார்.

வரும்போது பஸ்ஸில் அத்தை என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் கண்ணீர் என் கன்னத்தில் சொட்டியது. அவள் என்னைக் காப்பாற்றுவதாக நினைக்கிறாள்.

11 அக்டோபர், சனி

நேற்று சரஸ்வதி பூஜை. புத்தகத்தையெல்லாம் பூஜையில் வைத்தாகிவிட்டது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. அத்தைதான் அடுக்கினாள். இந்த நோட்டும் அந்த அடுக்கில் போய்விட்டது. கையில் எடுத்து, அட்டையில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, தட்டித் துடைத்தாள். விரல் பின்பக்கத்து அட்டைக்குக் கீழே போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை அட்டையைத் திறக்கவில்லை. அறிவியலுக்கு மேலே வைத்தாள்.

ஒரு நாள் முழுக்க நான் செய்தது எல்லாம் சாமிக்கு முன்னால் இருந்தது. சுண்டலும் பொரியும் படைத்துக் கும்பிட்டோம். யாரும் படிக்கவில்லை.

இன்று காலையில் எடுத்ததும் அட்டையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

இன்று சித்தி போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு அத்தை கையால்தான் சாப்பாடு. தூக்குச்சட்டியில் தச்சநல்லூரிலிருந்து வரும். சித்தி கேட்டதற்கு, பத்தியம் என்றார்கள். பத்தியத்துக்குத் தண்ணீரைக்கூட வேறு குடத்தில் வைப்பார்களா? இன்று அவளே கேட்டுவிட்டாள். அப்பா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். அத்தைதான் சொன்னாள்.

சித்தி கத்தவில்லை. அழவும் இல்லை. அப்பாவைப் பார்த்து, "நீங்களும் அப்படித்தான் நெனைக்கியளா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு அம்பாசமுத்திரத்துல இரு. பிள்ளைக்குச் சரியாகட்டும்."

அது பதில் இல்லை. அவளுக்கும் தெரியும்.

கிளம்பும்போது என்னிடம் வந்தாள். என் இடது காதுப் பக்கம் ஒரு நிமிஷம் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். "உடம்பப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நான் ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் கேட்காமல் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

14 அக்டோபர், செவ்வாய்

வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. அப்பா ஓட்டலில் சாப்பிடுகிறார்.

வலி இப்போது போய்விட்டு வருவதில்லை. இங்கேயே இருக்கிறது.

17 அக்டோபர், வெள்ளி

தாங்க முடியவில்லை — வயிறு உப்பி — தண்ணீர் குடித்தாலும் —

அம்மா

18 அக்டோபர், சனி, இரவு

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய். இடது கையில் ஊசி, வலது கை சும்மா இருக்கிறது. பையில் துணிகளோடு இந்த நோட்டையும் வைக்கச் சொன்னேன். "இந்த வலியிலயும் பாடமா, எஞ்செல்லம்" என்று அத்தை அழுதாள். இப்போது கட்டிலுக்குக் கீழே பாயில் தூங்குகிறாள். அப்பா வெளியே பெஞ்சில்.

நேற்று சாயங்காலம் குளியலறையில் விழுந்துவிட்டேன். இங்கே பெரிய டாக்டர் பாக்கியசீலன் இன்று காலையில்தான் வந்தார். வயிற்றைத் தொட்டதும் கத்திவிட்டேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "குடல் அடைச்ச மாதிரி இருக்கு. குடல்வாலா, கட்டியா, வேறெதுவுமான்னு தெரியல. தெரியாம வயித்தத் திறக்கதுக்குப் பதிலா மொதல்ல பாத்துருவோம். சி.டி. எடுங்க, இன்னைக்கே."

அப்பா, "நாலு வருசத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஒருத்தரும் சொல்லலையே" என்றார். டாக்டர் என்ன என்று கேட்டார். அப்பா ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

இன்று மத்தியானம் ஆம்புலன்சில் வேறொரு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நூர்முகம்மது என்று ஓர் அண்ணன்தான் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர். முதலில் தண்ணீர் மாதிரி ஒரு மருந்து, கால்மணிக்கு ஒரு தம்ளர். பாதியை வாந்தி எடுத்தேன். "பரவால்ல, இருக்கது போதும்" என்றார்.

அறை ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. நடுவில் பெரிய வளையம், அதற்குள் போகிற பலகை. நான் நடுங்குவதைப் பார்த்து, "பயப்படாதம்மா. இதுல வலியே கிடையாது. பேக்கரில பன் ரொட்டிய துண்டு துண்டா அறுப்பாங்கள்ல, அந்த மாதிரி வயித்த அறுத்து அறுத்துப் படம் எடுக்கும். கத்தி மட்டும் கிடையாது" என்றார். கையில் ஊசி போட்டு, "இப்ப உடம்பெல்லாம் சூடா ஓடும். அதுக்கும் பயப்படாத" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டார்.

சூடு தொண்டையிலிருந்து கால்வரை ஓடியது. ஒலிபெருக்கியில், "மூச்ச இழு. பிடிச்சுக்கோ" என்றார். வளையத்துக்குள் ஏதோ சுற்றியது. பலகை ஒரு விரற்கடை நகர்ந்தது. "விடு." திரும்பவும், "பிடிச்சுக்கோ."

போன மாதம் ஒன்றும் தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இன்று, தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முத்துராணி சொன்ன மாதிரி என்ன நினைக்கிறேன் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டாம். படமே சொல்லிவிடும். யார் முடி, எத்தனை வருஷம், எல்லாவற்றையும். சித்தி வந்துவிடுவாள்.

படம் அப்படிச் சொல்லவில்லை.

சாயங்காலம் டாக்டர் அந்தப் பெரிய பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். அதில் சின்னச் சின்னதாக எத்தனையோ வட்டங்கள். எல்லாம் நான். "இது இரைப்பை. இது முழுக்க அடைச்சிட்டிருக்கு பாருங்க. கட்டின்னா சுவத்தோட ஒட்டியிருக்கும். இது ஒட்டல. நடுநடுவுல காத்து. வால் மாதிரி குடலுக்குள்ள இறங்குது, பின்னிப் போட்ட மாதிரி. புத்துநோய் இல்ல. தைரியமா இருங்க. இது முடி."

அத்தை எழுந்துவிட்டாள். "சொன்னேன்லா! வேர் உள்ள இருக்குன்னு அவரு சொன்னாருலா! இப்ப மிசினே சொல்லுதுல்லா!"

"என்னம்மா?"

"பிள்ளைக்குச் சோத்துல வச்சு—"

"அதெல்லாம் இல்லம்மா. இது ஒரு நாள்ல சேர்ந்தது கிடையாது. மாசக்கணக்குல, வருசக்கணக்குல சேரணும்."

"மாசக்கணக்குலதான் டாக்டரய்யா! ஒம்பது மாசமா அவதான சோறு போட்டா!"

டாக்டர் அத்தையை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார். "நீ முடிய வாயில போடுவியா பாப்பா? பயப்படாமச் சொல்லு."

அத்தை முந்திக்கொண்டாள். "எங்க பிள்ளை என்ன கோட்டியா, முடியப் பிடுங்கித் திங்க?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

ஆட்டிவிட்டேன். மூக்கில் குழாய் இழுத்தது. அப்போதும் ஆட்டினேன்.

டாக்டர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் வேறு யாரோ கூப்பிட்டு ஓடிவிட்டார். காலை ஆறு மணிக்கு ஆபரேஷன். அப்பா பிலிமைக் கவரில் போட்டார். அவர் முகத்தில் இத்தனை நாளும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, அதுதான் சித்தியை இந்த வீட்டோடு கட்டிவைத்திருந்த ஒரே நூல். அதுவும் போய்விட்டது. "இனிமே அவ இந்த வீட்டுல கால் வைக்கக்கூடாது" என்று அத்தையிடம் மெதுவாகச் சொன்னார்.

நாளைக்கு நான் அம்மா மாதிரி திரும்பி வராமல் போனால்? அப்போது உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செத்துப்போயிருப்பாள். இன்னொருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்?

அதனால் அப்பா, இது உங்களுக்கு.

முடி என்னுடையது. நானே பிடுங்கி நானே தின்றது. சித்தி வருவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே. பச்சை ரிப்பன் நூலும் உள்ளே இருக்கும், டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். பிச்சைக்கண்ணு துப்பியது என் முடி இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். கோட்டி என்று பெயர் வரும் என்று பயந்து சித்தியைப் போகவிட்டேன். இந்தப் பக்கத்திலிருந்து பின்னால் எல்லாம் படியுங்கள். அத்தையைத் திட்டாதீர்கள்.

காலையில் உள்ளே கொண்டுபோகும்போது கையில் கொடுத்துவிடுவேன். இப்போதே கொடுத்தால் திரும்ப வாங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

27 அக்டோபர், திங்கள்

வேறு நோட்டு. முத்துராணி வாங்கிக் கொடுத்தாள். அந்த நோட்டு அப்பாவிடம் இருக்கிறது.

உயிரோடு இருக்கிறேன். மார்புக்குக் கீழே தொப்புள்வரை தையல். டாக்டர் எடுத்ததை அப்பாவுக்குக் காட்டினாராம். இரைப்பை எப்படி இருக்குமோ அதே வடிவத்தில், நீளமான வாலோடு, கறுப்பாக. உள்ளே பச்சை நூல்.

அப்பா என்னிடம் அந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண் விழித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து என் இடது காதுப் பக்கம் தடவிக்கொண்டிருந்தார். விரல் அந்த அரைகுறை முடிகளில் பட்டுப் பட்டுப் போனது.

டாக்டர் தனியாக வந்து சொன்னார். "கோட்டியும் இல்ல, கீட்டியும் இல்ல. இப்படிப் பிள்ளைகள் நெறைய உண்டு, சொல்லாம இருப்பாங்க. இதுக்குன்னு பேசுத டாக்டர் ஒருத்தர் இருக்காரு. புதன்கிழமை புதன்கிழமை போகணும்." பேசுகிற டாக்டர் என்றால் எந்த டாக்டர் என்று எனக்குத் தெரியும். பயம்தான். ஆனால் போவேன்.

அப்பா அம்பாசமுத்திரம் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். சித்தி வரவில்லை. அவள் சொன்னதை அப்பா அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "படம் சொன்னா விலக்கி வைக்கிய. பிள்ளை சொன்னா வரச்சொல்லுதிய. நான் சொன்னா என்னன்னு ஒருத்தரும் கேக்கல — அப்படின்னுட்டாக்கா."

அத்தை ஆரஞ்சுப் பழத்தை உரித்து, உரித்து, யாருக்கும் கொடுக்காமல் தட்டிலேயே வைத்தாள்.

29 அக்டோபர், புதன்

தையல் பிரித்தார்கள். மத்தியானம் சித்தி வந்தாள்.

அப்பா ஆபீசில், அத்தை குளிக்கப் போயிருந்தாள். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். யாரோ தூரத்துச் சொந்தம் பார்க்க வந்த மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்துவிட்டு, பாட்டில் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மேஜையில் இருந்த கவரை எடுத்து, பிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எல்லாரும் இதுல என்னையத்தான பாத்தாங்க. நான் எங்கன இருக்கேன்னு தேடுதேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் வயிறு இழுக்கும். அவள் எழுந்து வந்து, காயத்தின் மேல் தலையணையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "பைய அழு. பைய" என்றாள்.

கொஞ்சம் ஆனதும் கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியும்லா சித்தி? ஏன் சொல்லல?"

"ஒம் பிள்ளை முடியத் திங்கான்னு நான் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? சித்தின்னா அப்படித்தான் சொல்லுவான்னுருப்பாங்க. ஒன்னையாவது நம்புவாங்கன்னு பாத்தேன்."

நான் முடியை வெட்டிவிடச் சொன்னேன். நர்சிடம் கத்திரிக்கோல் வாங்கி வந்தாள். இடது காதுப் பக்கம் எப்படி இருந்ததோ அந்த அளவுக்கு மறு பக்கத்தையும் வெட்டினாள். விழுந்ததை எல்லாம் பொறுக்கி, ஒன்றுவிடாமல் எண்ணுகிற மாதிரி பேப்பரில் மடித்து, தானே எடுத்துப்போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

அத்தை வந்து வாசலில் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சித்தி செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அம்பாசமுத்திரத்துக்கா, எங்கள் வீட்டுக்கா? கேட்கப் பயமாக இருந்தது.

31 அக்டோபர், வெள்ளி

வீட்டுக்கு வந்தோம். அடுப்பில் கஞ்சி இருந்தது.

12 நவம்பர், புதன்

பேசுகிற டாக்டரிடம் இரண்டாவது தடவை. கை போகும்போதெல்லாம் ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் பதினேழு கோடு. விழுங்கியது ஒன்று. அந்த ஒன்றை அவரிடம் சொல்லிவிட்டேன்.

சித்தி அப்பாவிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். அப்பா தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தச்சநல்லூர் போனவள்தான், இந்தப் பக்கம் வரவில்லை.

16 நவம்பர், ஞாயிறு

நாளை முதல் பள்ளிக்கூடம். எல்லாரும் என் தலையைப் பார்ப்பார்கள். என்ன சொல்வது? "டைபாய்டுன்னு சொல்லுட்டி, முடி கொட்டிட்டுன்னு" என்றாள் முத்துராணி. உண்மை தெரிந்தும் தினமும் வருகிறாள். "நேத்து என்ன சாப்பிட்ட?" என்று கேட்டுச் சிரிக்கவும் செய்கிறாள். இன்று எனக்கும் சிரிப்பு வந்தது.

பத்து மணிக்கு அத்தை வந்தாள். மஞ்சள் பையில் நாலு தேங்காய். நேரே அடுக்களைக்குப் போய்த் தரையில் வைத்துவிட்டு, யாரிடமும் இல்லாமல், "நல்ல முத்தின காய். பால் நெறைய வரும்" என்றாள். சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் திருவலையை எடுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் துருவுகிற சத்தம் கேட்டது. பிறகு உருளைக்கிழங்கு நறுக்குகிற சத்தம். பிறகு அந்த வாசனை.

அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். சித்தி பரிமாறினாள். எனக்கு ஒரு கரண்டிதான், டாக்டர் சொன்ன அளவு. அத்தை இலையில் சோற்றைக் குழி பண்ணிச் சொதியை வாங்கினாள்.

இரண்டாவது வாய் எடுக்கும்போது அத்தையின் கை நின்றது.

விரல்களுக்கு நடுவே ஒரு முடி. நீளமாக, கறுப்பாக. வீட்டில் இப்போது அவ்வளவு நீள முடி சித்தியிடம் மட்டும்தான். சொதியிலிருந்து இழுக்க இழுக்க வந்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். சித்தி கையில் கரண்டியோடு சுவரோரம் போய் நின்றாள்.

அத்தை முடியை இலையின் ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த வாயைச் சாப்பிட்டாள். அடுத்த வாயையும் சாப்பிட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, இத்தனை நாளும் 'அவ' என்று மட்டும் சொன்னவளை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"சித்ரா, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."